நரியைத் தின்ற கருப்பன்

நரியின் பின்னங்கால் ஒன்றைக் கவ்விக்கொண்டு எங்கள் வீட்டு நாய் கருப்பன் வாசலில் வந்து நின்ற காலைப்பொழுது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மீதி நரியை ஊற்றடியிலேயே தின்றுவிட்டு, எங்களுக்குக் காட்டுவதற்காக ஒரு காலை மட்டும் தூக்கி வந்திருந்தது. நானும் அக்காவும் மிளகுச் சரங்களைப் பாயில் கொட்டி உருவிக்கொண்டிருந்தோம். அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை. கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் மலையிலேயே வேறு பகுதியான அரியூர் நாட்டிலிருந்து குண்டூர் நாட்டுக்கு வாக்கப்பட்டு வந்த எனக்கு, அந்த வீட்டில் பசிக்கிறதா என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். நாற்றம் தாங்காமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அக்கா எழுந்து போய்க் காலைப் பிடுங்கி எறியப் பார்த்தார். உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது.

"அது கண்டது அதுக்கு. வுடு புள்ள, பங்கைப் புடுங்காத."

மாமா என்பது என் கணவரின் அண்ணன். கருப்பன் அவருடைய நாய். மலையில் அந்தக் காலத்தில் கூட்டமாக வேட்டைக்குப் போவார்கள். கறியைக் கூறு போடும்போது ஆளுக்கு ஒரு கூறு, நாய்க்கும் ஒரு கூறு. நாயின் கூறு நாய்க்காரர் வீட்டுக்கு வரும். கருப்பன் இருந்ததால் எங்கள் வீட்டுக்கு எப்போதும் ஒரு கூறு கூடுதல். அதற்கு ஈடாக, நாய் தானாகக் காட்டில் எதைக் கண்டெடுத்துத் தின்றாலும் யாரும் கை வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். செத்த முயலோ, சிறுத்தை விட்டுப்போன மிச்சமோ, புழுத்துக் கிடக்கும் காட்டுப்பன்றியோ, எல்லாம் அதன் பங்கு. நாய்க்கு நாம் கொடுத்த மரியாதை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாய்க்கு மரியாதை கொடுத்த அளவுக்கு மற்றவர்களுக்கும் கொடுத்திருக்கலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதப் பழகியதே பேரன் பேத்திகளின் பலகையைப் பார்த்துத்தான். கை சீக்கிரம் ஓய்ந்து போகிறது.

அந்த நரி நல்ல நரி இல்லை. சாவதற்கு முன்னால் அது பட்டப்பகலில் ஊற்றடியில் நின்றதைத் தண்ணீருக்குப் போன பெண்கள் பார்த்திருந்தார்கள். குடத்தைத் தட்டிச் சத்தம் போட்டும் ஓடவில்லை. பலாமரத்தில் போய் முட்டிக்கொண்டு, திரும்பி வந்து, மறுபடியும் முட்டிக்கொண்டது. கிழட்டு நரி, கண் போய்விட்டது என்று சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். பிறகு அது செத்துக் கிடந்ததும், கருப்பன் அதைத் தலையோடு கடித்து மென்றதும் யாருக்கும் ஒரு செய்தியாகவே படவில்லை. அது சாகும் வரை கருப்பன் காத்திருந்ததா, உயிர் இருக்கும்போதே போய்ப் பிடித்துக் கடி வாங்கியதா, எலும்பு குத்திய வாய்ப்புண் வழியாக வியாதி ஏறியதா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் இல்லை.

யுத்த காலம் அது. மலைக்கு மேலே குண்டு விழவில்லை, ஆனால் உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாசம் ஒன்று போயிருக்கும். அதற்குள் கருப்பன் இன்னும் என்னென்னவோ தின்றுவிட்டது. கடைசியாக, சிறுத்தை அடித்துப் போட்ட ஒரு முள்ளம்பன்றியைக் குதறிவிட்டு மூக்கெல்லாம் முள்ளோடு வந்தது. மாமா ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார். அதனால்தான் சில நாள் கழித்து அதன் கீழ்த்தாடை தொங்கிப்போனபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாயை மூட முடியவில்லை. எச்சில் கயிறு கயிறாக வழிந்தது. குரைத்தால் சத்தம் கம்மிப்போய் வேறு ஏதோ மிருகத்தின் சத்தம் போலக் கேட்டது. தண்ணீர்ச் சட்டியில் வாயை விட்டு நிற்கும், உள்ளே ஒரு சொட்டும் இறங்காது. யாரையும் துரத்தவில்லை, கடிக்கவில்லை. வெறி நாய் என்றால் ஊரைச் சுற்றி ஓடிக் கடிக்கும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். இது மாமாவின் காலடியில் வந்து படுத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தது.

"தொண்டையில முள்ளு மாட்டிக்கிட்டுது. பாவம், சொல்லத் தெரியாத சீவன்" என்றார் மாமா.

அக்கா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கருப்பனின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். ஒரு கையால் மேல்தாடையையும் மறு கையால் கீழ்த்தாடையையும் பிடித்து அகட்டினார். மாமா வெளிச்சத்துக்காகக் குனிந்து, கையை உள்ளே விட்டுத் தடவினார். நான் பக்கத்தில் நின்று வாலையும் பின்னங்காலையும் அமுக்கிக்கொண்டிருந்தேன். நாயின் எச்சில் அக்காவின் விரல் இடுக்கெல்லாம் இறங்கி முழங்கை வரை வழிந்தது. மிளகு உருவுகிற காலத்தில் அவர் கையைப் பார்க்க வேண்டும். விரல் நுனியெல்லாம் வெடித்து, காரம் ஏறிச் சிவந்து கிடக்கும். சோறு பிசையும்போது எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொள்வார். அந்தக் கையால்தான் பிடித்திருந்தார். மாமாவின் கையிலும் நாய்ப்பல் உரசிச் சின்னக் கீறல் விழுந்தது. முள் எதுவும் அகப்படவில்லை. உள்ளே போயிருக்கும், தானாகக் கரையும் என்று சொல்லிவிட்டு மாமா கையைக் கழுவினார். அக்கா கழுவக்கூட இல்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு, ராகிக் கஞ்சியைக் கையில் மொண்டு மொண்டு அதன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் வீட்டுப் பங்கு தீச்சட்டி எடுப்பது. மூத்தவர் என்பதால் மாமாவின் வலது கையில் மஞ்சள் கயிறு ஏறியது. காப்புக் கட்டியவர் நோம்பி முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மை இறங்கும், ஊர் அழியும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

காப்புக் கட்டி இரண்டு நாள் ஆவதற்குள் பாய் வந்தார். சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி. மாசி பங்குனியில் சுமைகாரர்களோடு மலை ஏறி வீடு வீடாக மிளகு வாங்குவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசற்படியிலேயே உட்கார்ந்து அக்கா கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். அன்றைக்குப் படி வரை வரவில்லை. பலாமரத்தடியில் தாடை தொங்கிக் கிடந்த கருப்பனைப் பார்த்ததும் எட்டவே நின்றுவிட்டார்.

"ஏனுங்க கவுண்டரே, இது எத்தன நாளா இப்படி இருக்குது?"

"நாலஞ்சு நாளா இருக்குதுங்க பாய். முள்ளம்பன்னி தின்னுச்சு, முள்ளு மாட்டியிருக்குது."

"முள்ளில்லீங்க இது. எங்க தெரு வண்டிக்காரர் ஊட்டு நாயும் இப்படித்தான் வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்துச்சு. எலும்பு மாட்டிக்கிச்சுன்னு அவரு கைய வுட்டுப் பார்த்தாரு. ரெண்டு மாசத்துல தண்ணியப் பாத்தா அலறி அலறியே போயிட்டாருங்க. இது வெறிதான். வெறி நரியத் தின்னிருக்கும், இல்ல கடிபட்டிருக்கும். இதோட வாய்க்குள்ள கைய வுட்டது யாருங்க?"

மாமா தன் வலது கையை மெல்ல உயர்த்தினார். மணிக்கட்டில் காப்பு. அத்தனை பேர் பார்வையும் அந்தக் கையில் போய் நின்றது. அதன் பிறகு நோம்பி முடியும்வரை ஊர் அந்தக் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

நான் சொன்னேன். சொல்லாமல் இல்லை. "அக்காளுந்தான் வாயப் புடிச்சிருந்தாங்க" என்று பாயைப் பார்த்தே சொன்னேன். பாய் திடுக்கிட்டு, "அப்ப அவங்களும் வரோணும்" என்றார். அக்கா மோர்ச் செம்போடு வெளியே வந்தவர், "நான் வெளியதான புடிச்சேன் கண்ணு. கடிச்சாத்தான ஆகும்? எனக்கொண்ணுமில்ல" என்று முடித்துவிட்டார். அவருக்கு எப்போதும் அப்படித்தான். காய்ச்சலில் கிடந்தால்கூட யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்பார். கேட்டவர்களுக்கும் அந்தப் பதில் வசதியாக இருக்கும்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி ஊசி போடுகிறார்கள், இரண்டு வாரம் அங்கேயே தங்க வேண்டும், சீக்கிரம் போனால் உயிர் தப்பலாம் என்று பாய் சொன்னார். நாயை யாரும் தொட வேண்டாம் என்றும் சொன்னார். அன்று சாயங்காலமே கருப்பன் செத்துப்போனது. ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். புதைத்துவிட்டு வந்து பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார்கள். காப்புக் கட்டிய ஆள் எப்படி மலை இறங்குவது?

பேச்சு வளர்ந்துகொண்டே போனது. காப்பை அவிழ்த்தால் அம்மன் கோபிக்கும் என்றார் ஒருவர். நோம்பி முடித்துவிட்டுப் போகட்டும், பத்து நாள்தானே என்றார் இன்னொருவர். பாய் எழுந்து கையைக் கூப்பி, "பத்து நாளு கழிச்சுப் போனா ஊசி கேக்குமோ கேக்காதோ, எனக்குத் தெரியாதுங்க" என்றார். ஊர்க்கவுண்டர், எங்கள் ஊர்த் தலைவர், தாடியை நீவிக்கொண்டே இருந்தார். கொடுமைக்காரர் இல்லை அவர். மாமாவை விட்டுவிட அவருக்கும் மனசில்லை. கடைசியில் வழி சொன்னது அக்காதான். ஆண்கள் பேசுகிற இடத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சாமிக்கு இந்த ஊட்டு ரத்தம்தானுங்க வேணும்? காப்பு அண்ணங் கையில இருந்தா என்ன, தம்பி கையில இருந்தா என்ன? என்ர கொழுந்தனாருக்கு மாத்திக் கட்டுங்க. இவரு போய் ஊசி போட்டுக்கிட்டு வரட்டும்."

கூட்டம் அசந்துவிட்டது. நல்ல யோசனை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. காப்பு கை மாறினால் அந்த வீட்டின் மூத்த மருமகள் பிணை நிற்க வேண்டும். தினமும் ஒருவேளை சோறு, கோயிலில் விளக்கு, தீச்சட்டி இறங்குகிறவரை எல்லைக்குள்ளேயே இருப்பு. வழக்கம் அதுதான் என்றார் ஊர்க்கவுண்டர். அக்கா தலையாட்டினார். மாமாவை அவிழ்த்து விட்ட அதே பேச்சு அக்காவைக் கட்டிப்போட்டது. எனக்கு அது அங்கேயே புரிந்தது. என் கணவரிடம் போய், காப்பை வாங்கிக்கொள்ள வேண்டாம், அவர்கள் இரண்டு பேரும் போகட்டும் என்றேன். "ஊரு சொல்லியாச்சு, இப்ப போய் என்ன பேச்சு" என்றார் அவர். அக்காவிடம் போய்ச் சண்டை போட்டேன். வெடித்த விரலைப் பிடித்துக் காட்டிச் சொன்னேன். "மொதல்ல அவரு பொழச்சு வரட்டும் கண்ணு. நோம்பி முடிஞ்சதும் நான் போறேன்" என்றார்.

மறுநாள் பாய் மாமாவைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கினார். மிளகு வாங்காமலேயே இறங்கினார். சேந்தமங்கலத்தில், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து நாமக்கல் போய், அங்கிருந்து சேலம். எங்கள் மாமாவுக்குச் சேலத்தில் தங்க இடம் பார்த்துக் கொடுத்து, இரண்டு நாள் கூட இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினாராம். எங்கள் சாதியுமில்லை, சனமுமில்லை. அந்த மனிதருக்கு ஒரு குறை சொல்ல என்னால் ஆகாது.

நோம்பி நன்றாக நடந்தது. என் கணவர் தீச்சட்டி எடுத்தார். அக்கா ஒருவேளைச் சோற்றோடு விளக்கு வைத்து முடித்தார். மாமா வயிறெல்லாம் வீங்கி, நிமிர முடியாமல், ஆனால் உயிரோடு மலை ஏறி வந்தார். ஊரே திரண்டு போய் அழைத்து வந்தது. இனி அக்கா போகலாம். ஆனால் மாமாவால் மண்வெட்டி தூக்க முடியாது. சாமைக்கு நிலம் கொத்த வேண்டும், வீட்டில் தானியம் அடியில் தட்டிவிட்டது. அவர் வேலையையும் அக்காவே எடுத்துக்கொண்டார். விரல் வெடிப்பு ஆறிவிட்டது. "வர்றதா இருந்தா இத்தன நாளைக்கு வந்திருக்காதா?" என்றார். நான் வாய் வலிக்கச் சொன்னேன். ஒரு தடவை கோபத்தில் இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். அவர் எனக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனார். அலுத்துப்போய் நானே பேசினேன்.

ஆடியில் சாமை முழங்கால் உயரம் பச்சையாக நின்றது. களை எடுத்துக்கொண்டிருக்கும்போது அக்கா வலது கையை உதறி உதறிப் பார்த்தார். எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்றார். நான் களைக்கொத்தைப் போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நாளில் காற்றுப் பட்டால் உடம்பு துள்ளியது. செம்பை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டாலே கழுத்து இறுகியது. இடையில் தெளிவு வரும்போது, பக்கத்தில் யாரும் வர வேண்டாம், என் எச்சில் பட்டுவிடும் என்று அவரே சொல்லி எங்களை எட்ட நிறுத்தினார். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

இப்போது நான் சேந்தமங்கலத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மலைக்குப் பஸ் ஏறுகிறது. சாமை நின்ற இடமெல்லாம் குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, நிற்கிறது. போன வருஷம் தெருவில் நாய்களுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டரிடம், செத்த காட்டு மிருகத்தை நாய் தின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். விஷம் வைத்துச் செத்ததாக இருந்தால் நாயும் சாகும், புழு ஏறும், எலும்பு குடலைக் கிழிக்கும், நோயில் செத்ததாக இருந்தால் அந்த நோய் நாயின் வாயில் ஏறி வீட்டுக்குள் வரும் என்றார். அந்த நாயின் நாக்குத் தொட்ட இடமெல்லாம் சோப்புப் போட்டு நெடுநேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கடித்தால்தான் என்று இல்லை பாட்டி, கையில் வெடிப்பு இருந்தால் எச்சிலே போதும் என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவ்வளவுதானா என்று களைப்பாக இருந்தது. அடுத்த தெருவில் ஒரு நாய் செத்த மரநாயைக் குதறிக்கொண்டிருந்ததை அவரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டு போனார்.

மலையில் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். நோம்பி வந்தால், காப்பு அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு மாறியதும், அம்மன் கோபிக்காமல் அண்ணனைக் காப்பாற்றியதும் பேச்சில் வரும். அக்கா செத்ததைத் தனியாக, வேறு ஏதோ ஒரு வருஷத்துச் சாவு போலச் சொல்வார்கள்.

அக்காவை எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, மாமா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் முகத்தில் வஞ்சகம் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"இவள எப்பம்மா கடிச்சுது?"

"கடிக்கலீங்க மாமா. நீங்க கைய வுட்டு முள்ளு தேடுனீங்கல்ல, அப்ப நாயோட வாயத் தொறந்து புடிச்சிருந்தது அக்காதானுங்க."

அவர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கையை உள்ளே விட்டால் வாயைத் திறந்து பிடிக்க இன்னொருவர் வேண்டும் என்பதை அப்போதுதான் கணக்குப் போடுகிறவர் மாதிரி இருந்தது.

"சேலத்துல டாக்டரு கேட்டாரு. வேற யாருக்காச்சும் எச்சி பட்டுச்சா, அவங்களையும் கூட்டியாங்கன்னு தெனமும் கேட்டாரு. நான் ஒருத்தன்தானுங்கன்னு சொன்னேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் நினைவிருந்தது.